தூத்துக்குடி ஒன்றரை மணி நேரம்தான்

விமான டிக்கெட் விற்கிறவளிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். "ஒரு மணி நேரம்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்தச் சிரிப்பும் தொழிலில் சேர்த்தி.

கடை மயிலாப்பூரில் இருக்கிறது. கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில். நான் டிக்கெட் போடுகிறேன். ரஃபி பாய் பக்கத்து மேஜையில் விசா, பாஸ்போர்ட் வேலைகளைப் பார்க்கிறார். வாசலில் தாஸ் தன் வாடகைக் காரை நிறுத்திக்கொண்டு, அதற்குள்ளேயே தூங்குகிறார். "இப்போதுதான் எல்லோரும் போனிலேயே டிக்கெட் போட்டுக்கொள்கிறார்களே, உங்களுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். போனில் டிக்கெட் போடலாம், ஆனால் விமானம் தாமதமானால் போனைத் திட்ட முடியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

நீங்களும் என்றைக்காவது ‘ஒரு மணி நேரம்தான்’ என்பதை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வாசலில் ஒரு பலகை

எங்கள் முதலாளி கடை வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறார். மதுரை ஒரு மணி நேரம், கோவை ஒரு மணி நேரம், தூத்துக்குடி ஒன்றரை மணி நேரம். பொய் என்று சொல்லிவிட முடியாது. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரையைத் தொடுகிற வரைக்கும் அது சுத்தமான உண்மை. வீட்டைப் பூட்டிவிட்டு கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கேட்டை மாற்றிவிட்டார்கள் என்று குடும்பத்தோடு ஓடுவது, போய் இறங்கின ஊரில் பெட்டி வருமா வராதா என்று முழித்துக்கொண்டு நிற்பது, இதெல்லாம் பலகையில் எழுத இடமில்லை.

லஸ் பக்கத்திலிருந்து ஒரு வக்கீல் மதுரைக்கு டிக்கெட் போட்டார். தாஸின் காரில்தான் கிளம்பினார். மெட்ரோவுக்காக எங்கள் பேட்டையில் தெருத் தெருவாகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். கார் ஆழ்வார்பேட்டையை ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு நந்தனம் சிக்னலில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "பலகைப்படி பார்த்தால் நான் இந்நேரம் மதுரையில் இறங்கியிருக்க வேண்டும், தெரியுமா?" என்று கோர்ட்டில் கேட்பதுபோலக் கேட்டார். விமானம் சரியான நேரத்துக்கு மதுரையில் இறங்கிவிட்டது. அவர்தான் இறங்கவில்லை.

வக்கீலைத் திரும்ப லஸ்ஸில் விட்டுவிட்டு வந்த தாஸ், பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னாக்கா இது, மதுரைக்கு ஒரு மணின்னு எழுதிக்கீறாங்க? மொதல்ல நந்தனம் சிக்னலுக்கு எவ்ளோ நேரம்னு எழுத சொல்லு. அத்த தாண்டுனாதான் மதுரையே கீது."

எங்கள் வீட்டு வாடிக்கையாளர்

பலகையைப் பார்த்து ஊரார் கோபப்பட்டபோதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கு மாம்பலத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

எங்களுக்கு ஒரே மகள், நித்யா. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ரசத்துக்கு வந்தவள், மோருக்குப் போகாமல், தனக்குக் கதிர் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். இங்கே கூடப் படித்தவனாம். இப்போது ஊரோடு போய் அப்பாவின் உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிறானாம். ஊர் தூத்துக்குடி. அவளும் அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொள்வாளாம். பையனின் போட்டோவைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ரொம்ப நேரம் தேடினேன். என் வீட்டுக்காரர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறாதவர். அவர் "தூத்துக்குடி எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார். "அறுநூறு கிலோமீட்டர்!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. நித்யா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஒன்றரை மணி நேரம்தான். எனக்கு மட்டும் அறுநூறு கிலோமீட்டராம்மா?"

விமானம் இல்லாத விமான நேரம்

அந்த வாரம் முழுக்க நான் அறுநூறு கிலோமீட்டராகவே இருந்தேன். வீட்டில் யாரோடும் பேச்சில்லை. கடையில் பேசித்தானே ஆக வேண்டும்? வந்தார் கோட்டூர்புரம் நாராயணன் சார். பாலம் கட்டுகிற இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் ஆற்றோரம் நடந்துவிட்டு, நேரே எங்கள் கடைக்கு வந்து ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போவார். அன்று தகவலோடு ஒரு பயணமும் இருந்தது. சேலத்தில் தங்கை வீடு, அங்கிருந்து தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். "சேலம் டு தூத்துக்குடி, விமான தூரம் போட்டிருக்கான், பறக்கிற நேரம் முக்கால் மணிதானாம். ஒரு டிக்கெட் போடுங்க" என்று போனை நீட்டினார். எனக்கு அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே எரிச்சலாக இருந்த சமயம்.

பார்த்தேன். ஏதோ ஒரு இணையதளம். தூரத்தைப் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் வரைக்கும் போட்டிருந்தது. நடுவில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு குட்டி விமானம். "சார், இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நேரடி விமானமே கிடையாது" என்றேன். அவர் நம்பவில்லை. "விமானம் இல்லாமல் நேரத்தை எப்படி அளந்தான்?" என்றார். மேப்பில் கோடு போட்டு, கோட்டை வேகத்தால் வகுத்துவிடுகிறார்கள் என்றேன். அப்படி வகுத்தால் எங்கள் மாவு மில்லிலிருந்து நிலாவுக்குக்கூட நேரம் சொல்லலாம். விமானத்தில்தான் போக வேண்டுமென்றால் சேலத்திலிருந்து சென்னைக்கு வந்து, இங்கிருந்து தூத்துக்குடிக்குப் போக வேண்டும், காரில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய பாலங்களில் வண்டிகள் போகின்றனவா என்று எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

அவர் போனதும் நானும் போனை எடுத்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி எவ்வளவு தூரம் என்று தேடினேன் என்பதை மறைப்பானேன்? இடத்துக்கு இடம் ஒரு கணக்கு. இருப்பதிலேயே அதிகமாகப் போட்டிருந்ததை நித்யாவிடம் காட்டுவதற்காகப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். நிமிர்ந்தால் நாராயணன் சார் மறுபடி வாசலில் நிற்கிறார்.

"விமானம் இல்லேன்னா பரவாயில்லை மேடம், அந்த டைமிங் எனக்கு ரொம்ப சௌகரியமா இருக்கு. ஜன்னல் சீட்டா ஒண்ணு போட்டு வெச்சிடுங்க."

முன்னால் போன பை

மயிலாப்பூரில் டிக்கெட் விற்பதற்குப் பஞ்சாங்கமும் தெரிந்திருக்க வேண்டும். ராகுகாலத்தில் கிளம்புகிற விமானம் என்றால் இங்கே பாதிப் பேருக்கு வேண்டாம். டிக்கெட்டை மாற்றவும் முடியாது, நாளும் சரியில்லை என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்று பேர். முதல் நாளே நல்ல வேளை பார்த்து, எடுத்துப்போகிற பையைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் இப்போது பூட்டிய ஃப்ளாட்டுகளாகிவிட்டதால், எல்லோரும் பையை என் கடையில் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். என் மேஜைக்குப் பின்னால் மூலையில் எப்போதும் நாலைந்து பைகள் பிரயாணம் செய்துகொண்டிருக்கும். ரஃபி பாய் அந்த மூலைக்கு ‘டிபார்ச்சர்’ என்று பெயர் வைத்தார்.

தெற்கு மாடவீதி அலமேலு மாமிக்குப் பேரனின் ஆண்டு நிறைவு, கோயம்புத்தூரில். டிக்கெட் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. விமானத்தை முதலில் கடல் பக்கமாகக் கிளப்பிவிட்டு அப்புறம் திருப்பச் சொல்ல முடியுமா என்று மாமி விசாரித்தாள். காற்றைப் பொறுத்தது மாமி, என் கையில் இல்லை என்றேன். சரி என்று சனிக்கிழமையே பையைக் கொண்டுவந்து டிபார்ச்சரில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. நான் மாம்பலத்தில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து தாஸ் போன் செய்தார். மாமி கைப்பையும் காதுத் தோடுமாக உள்ளே போக வரிசையில் நிற்கிறாளாம். பை எங்கே என்று கேட்டால் என்னைக் கேட்கச் சொல்கிறாளாம். எண்ணெய்த் தலையோடு ஆட்டோ பிடித்து, கடையைத் திறந்து, பையை எடுத்துக்கொண்டு கிண்டி வரைக்கும் போவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். மாமி ஏறிவிட்டாள். குழந்தைக்கு வாங்கின தங்கக் காப்பும் சீடையும் என் மடியில் இருந்தன. நித்யா இதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் மௌனம் கலைந்ததே அப்போதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து மாமி போனில் என்னிடம் சொன்னது: "பைதான் நேத்திக்கே கிளம்பியாச்சே மல்லிகா! எனக்கு முன்னாடி இங்க ஆத்துக்கு வந்திருக்கும்னுன்னா நெனச்சுண்டு இருந்தேன்!"

ரஃபி பாயின் அக்கா

ரஃபி பாய் ராயப்பேட்டைக்காரர். அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்தது மதுரையில். தம்பியும் வியாபாரத்துக்காக மதுரையிலேயே இருக்கிறார், அக்கா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. ஒரு காலை அக்காவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ரஃபி பாய் பாஸ்போர்ட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். நான்தான் டிக்கெட் போட்டேன். தாஸ் அன்றைக்கு எந்தச் சந்தில் நுழைந்து எப்படிப் போனாரோ, ரஃபி பாய் விமானத்தைப் பிடித்துவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நாளைக்கு நித்யாவுக்கு ஒன்று என்றால் நானும் இப்படித்தானே போட்டது போட்டபடி ஓடுவேன்? அவளுக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் என் கை போக எவ்வளவு நேரம் ஆகும்? எந்தப் பலகையில் அது எழுதியிருக்கிறது? வேண்டவே வேண்டாம், இந்தக் கல்யாணம் நடக்காது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். மூன்று நாள் கழித்து ரஃபி பாய் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். அக்காவுக்கு ஆபத்து நீங்கிவிட்டது, எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாள் என்றார். இவர் போய்ச் சேர்ந்தபோது தம்பி அங்கே இல்லையாம். மறுநாள்தான் வந்தாராம். அக்கா கண்ணைத் திறந்து இவரைப் பார்த்ததும் உருதுவில் சொன்ன முதல் வார்த்தையை அவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"நாலு தெரு தள்ளி இருக்கிறவன் இன்னும் கிளம்பிட்டே இருக்கான். நீ மெட்ராஸ்லேர்ந்து வந்துட்டியேடா!"

சம்பந்தி வருகை

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், போனில் பிடித்து வைத்திருந்த படத்தை அழித்தேன். "அவங்களை வரச் சொல்லு" என்றேன். நித்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார், அவரால் முடிந்தது அதுதான்.

பையன் வீட்டாருக்கு நானே டிக்கெட் போட்டு அனுப்பினேன். சம்பந்தி மரியாதை மட்டுமில்லை, தொழில் கௌரவம். காலை விமானம், பத்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், பன்னிரண்டுக்குள் பேசி முடித்துவிடலாம் என்று திட்டம். விடிந்தும் விடியாமல் காலிங் பெல் அடித்தது. பால்காரர் என்று நினைத்து வீட்டுக்காரர் இடுப்பில் துண்டோடு கதவைத் திறந்தார். வாசலில் கதிர், அவன் அப்பா, அம்மா, மாமா, மாமி, நாலு அட்டைப்பெட்டி மக்ரூன். எல்லோரும் முகம் கழுவித் தலைசீவிப் பளிச்சென்று நிற்கிறார்கள், நான்தான் கோலப்பொடியும் கையுமாக நின்றேன். விமானம் அங்கிருந்து கிளம்பவே இன்னும் நேரம் இருந்தது.

கதிரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அனுப்பிய டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். ராத்திரி பூரா பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும், இந்த வீட்டுக்கு என் பெண் போகலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஏன் விமானத்தில் வரவில்லை என்று கேட்டேன்.

"பிளேனுல வந்தா லேட்டாயிரும்லா மைனி! அதான் நேத்தே பஸ்ஸு ஏறிட்டோம்."

கத்திப்பாரா

கல்யாணம் தி.நகரில் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமென்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் சாம்பாருக்கு வரிசையில் நின்றவர்கள்தானே.

நித்யாவும் கதிரும் தூத்துக்குடிக்குக் கிளம்பிய நாளில் பெருமழை. என் வீட்டுக்காரர் விமானம் என்றால் பாதி நாளுக்கு முன்னாலேயே கிளம்புகிறவர். அன்று அவர் சொன்னதை முதல்முறையாக நான் எதிர்க்கவில்லை. தாஸின் காரில் போய் வாசலில் இறங்கினோம். நித்யா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனாள், திரும்பிப் பார்த்தாள், கையை ஆட்டினாள், கூட்டத்தில் கலந்துவிட்டாள். எத்தனையோ பேரை இந்தக் கதவுக்குள் அனுப்பிப் பிழைத்தவள் நான். அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்று நான் கேலி செய்ததுண்டு. அன்று என் மூக்கும் அங்கே இருந்தது.

மழை கொஞ்சம் விட்டு விமானம் கிளம்பிய பிறகுதான் நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். கத்திப்பாராவில் முழங்கால் தண்ணீர். முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது, பின்னால் ஊரே நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், மூக்குக் கண்ணாடியைத்தான். அப்போது என் போன் அடித்தது. நித்யா.

"நாங்க இறங்கி, வீட்டுக்கே வந்துட்டோம்மா. ஆரத்தியெல்லாம் எடுத்தாச்சு. நீங்க இன்னுமா மாம்பலம் போகலை?"

டிபார்ச்சர் மூலையில்

மறுநாள் கடைக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. அவள் அறைக் கதவைத் திறந்து வைத்தாலும் கஷ்டம், மூடி வைத்தாலும் கஷ்டம். கடையில் பெருக்கும்போது மூலையில் ஒரு நீலப் பை தட்டுப்பட்டது. யாரோ பரஸ்தானம் வைத்துவிட்டு மறந்து போயிருக்கிறார்கள், இன்னொரு அலமேலு மாமி என்று அலுத்துக்கொண்டு தூக்கினேன். தூக்கியதும் தெரிந்துவிட்டது. நித்யா காலேஜுக்கு எடுத்துப்போன பை. ஜிப் பிய்ந்து, நான் ஊக்கு குத்திக் கொடுத்தது. அந்த ஊக்கு அப்படியே இருந்தது.

ரஃபி பாய் நிமிரவில்லை. "உங்க பொண்ணு முந்தாநாள் வந்து வெச்சிட்டுப் போச்சுக்கா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுச்சு. நாள், நேரம் எல்லாம் அந்த அலமேலு மாமிதான் பாத்து சொன்னாங்களாம்" என்றார், பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே. ஊக்கைக் கழற்றினேன். உள்ளே அவளுடைய பழைய நைட்டி, வீட்டுச் செருப்பு, ஒரு பல் பிரஷ். தூத்துக்குடிக்கு எடுத்துப்போக வேண்டியதை இங்கே விட்டுவிட்டாளே என்று பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"அதைத் திறந்துட்டியா? இருந்த மாதிரியே மூடி வைம்மா. அது இங்க வர்றதுக்கு இல்லை, நான் அங்க வர்றதுக்கு வெச்ச பரஸ்தானம். பை முன்னாடியே வந்து சேர்ந்தாச்சு, நான் பின்னாடியே கிளம்பிட்டேன்னு அர்த்தம்!"

கால் நூற்றாண்டாக ஊருக்கெல்லாம் பயண நேரம் சொல்லிப் பிழைத்தவள் சொல்கிறேன்: தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்தான், என் மகள் கிளம்பி மூன்று மாதம் ஆகிறது, எந்த நிமிடமும் வந்துவிடுவாள்.